எதிர்க் கோலுக்குப் பின்னால்

“கொஞ்சம் உள்ளே வாங்க. இன்னும் கொஞ்சம். சார், நீங்க வயித்தை மட்டும் கொஞ்சம் உள்ளே கொண்டு போங்க” என்கிறார் அவர், நாற்காலியின் மேல் நின்றபடி. செருப்பு இரண்டும் கீழே கிடக்கின்றன. எதிரே, நூலகத்தின் புதிய வாசிப்பறை வாசலில், திறப்பு விழாக் குழுவினர் இரண்டு வரிசையாக விறைத்து நிற்கிறார்கள். தலைவர் கத்தரிக்கோலை ஏதோ ஆயுதம்போலப் பிடித்திருக்கிறார். ரிப்பன் ஏற்கெனவே ஒருமுறை வெட்டுப்பட்டு, முடிச்சுப் போட்டு, மறுபடியும் கட்டப்பட்டிருக்கிறது. முதல் வெட்டில் தலைவர் கண்ணை மூடிவிட்டார்.

சிரிக்கச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை, பல்லைத்தான் காட்டுகிறார்கள் என்பது அவருடைய அனுபவம். அதனால் முதலில் சும்மா இரண்டு தடவை பொத்தானை அழுத்துகிறார். பிறகு “சரி, முடிஞ்சுது, ரொம்ப நன்றி” என்று கேமராவைத் தாழ்த்துகிறார். குழு மூச்சு விடுகிறது. வயிறுகள் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. யாரோ யாரையோ கிண்டல் செய்ய, பின்வரிசை குலுங்குகிறது. இடுப்பருகே இருந்த கேமரா அப்போது இன்னொரு முறை கண் சிமிட்டுகிறது. வெள்ளிக்கிழமை பத்திரிகையில் வரப்போவது அந்தப் படம்தான்.

ஊரில் அவருக்குப் பெயர் ‘கொஞ்சம் அக்கா’. அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நூலகக் குழுப் பொருளாளரின் மருமகள் திருமணம் முடிந்து ஊருக்கு வந்த முதல் நாளே, படம் எடுக்க வந்தவரைப் பார்த்து “வாங்க கொஞ்சம் அக்கா” என்று மரியாதையாக அழைத்தாளாம். அதுதான் அவருடைய சொந்தப் பெயர் என்று நினைத்திருந்தாள். அவருக்கு இதில் வருத்தம் ஏதும் இல்லை. “ரொம்ப அக்கான்னு வைக்காம விட்டாங்களே” என்பார்.

வாரம் ஒருமுறை வரும் எட்டுப் பக்கப் பத்திரிகை. அதற்கு ஒரே ஒரு படக்காரர். பள்ளி ஆண்டு விழா, இரத்த தான முகாம், ஓய்வு பெறும் தபால்காரருக்குப் பாராட்டு, பரிசு வாங்கிய பூசணிக்காய், நீச்சல் போட்டி, சாலையில் விழுந்த மரம், அந்த மரத்தின் பக்கத்தில் நின்று போஸ் கொடுத்த வார்டு உறுப்பினர் எல்லாம் அவர் எடுத்தவைதான். உடம்பில் எப்போதும் ஒரு பழைய கை வைக்காத மேல்சட்டை. அதில் சுற்றிலும் பைகள். ஒன்றில் ஊக்கு, ஒன்றில் சீப்பு, ஒன்றில் புளிப்பு மிட்டாய், ஒன்றில் மழை வந்தால் கேமராவுக்கு மாட்டிவிடப் பிளாஸ்டிக் உறை. சீப்பு தலைவர்களுக்கு, மிட்டாய் குழந்தைகளுக்கு. சில விழாக்களில் இது மாறியும் போகும்.

அலுவலகம் ஒரு சலவைக் கடையின் மாடியில் இருக்கிறது. கீழேயிருந்து எழும்பும் சூட்டில் குளிர்காலத்திலும் அங்கே மின்விசிறி ஓடும். ஆசிரியர் அவரைவிட இளையவர், கொஞ்சம் பருமன், எப்போதும் எதையாவது தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பவர். வியாழன் மதியம் ஆனால் அவருக்கு வேறு பேச்சு கிடையாது. கடைசிப் பக்கம் விளையாட்டுப் பக்கம். அதில் பாதியை ஒரே படம் பிடித்துக்கொள்ளும். “கடைசிப் பக்கத்துக்கு என்னக்கா?” என்று கேட்டுக்கொண்டே அவர் மேசையைச் சுற்றி வருவார். வாசகர்கள் பத்திரிகையைக் கையில் வாங்கியதும் முதலில் திருப்பிப் பார்ப்பது கடைசிப் பக்கத்தைத்தான் என்பது இருவருக்கும் தெரியும். ஆசிரியர் எழுதும் தலையங்கத்தை அச்சகத்துக்காரரைத் தவிர யாரும் படிப்பதில்லை என்பதும் தெரியும். அதை அக்கா வெளியே சொல்வதில்லை.

சனிக்கிழமை என்றால் மைதானம். ஊர்ப் பெண்கள் அணியின் கால்பந்து ஆட்டம் நடக்கும் நாட்களில் மடக்கு ஸ்டூலைத் தோளில் மாட்டிக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் நிற்காமல், நேராக எதிரணியின் கோலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவார். விளையாட்டுப் படம் எடுக்கிறவர்களின் பாலபாடம் இது. நம் அணி கோல் போடப் போகும் இடம் அது. பந்தோடு ஓடிவருகிற நம் பெண்களின் முகம் கேமராவை நோக்கி வரும். இந்தப் பக்கம் உட்கார்ந்தால் முதுகுகள்தான் கிடைக்கும். “முதுகைப் பாத்து எந்த அம்மாவும் பேப்பர் வாங்க மாட்டா” என்று அவர் சொன்னதை ஆசிரியர் தன் சொந்தக் கருத்தாகப் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஊர் அணியின் கோல் கீப்பர் அவருடைய மகள்.

அம்மா எதிரணியின் கோலுக்குப் பின்னால். மகள் தன் கோலுக்கு முன்னால். நடுவே மைதானம் முழுவதும் கிடக்கிறது. இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும். அம்மாவும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பக்கம் மாறுவார். இருவரும் நடுக்கோட்டருகே எதிரெதிராக வந்து, கடந்து, ஆளுக்கொரு முனைக்குப் போவார்கள். கடக்கும்போது மகள் கையை நீட்டுவாள். அம்மா ஒரு புளிப்பு மிட்டாயை வைப்பார். அவ்வளவுதான் ஆட்ட நாளில் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை. பார்க்கிறவர்களுக்கு இது வேடிக்கை. பேருந்து ஓட்டுநரான அவருடைய கணவர், எதிரும் புதிருமாகப் போகிற இரண்டு வண்டிகள் ஒன்றுக்கொன்று ஹாரன் அடித்துக்கொள்வதுபோல என்று சொல்லுவார்.

இந்தப் பருவத்தில் ஊர் அணி, யாரும் எதிர்பார்க்காமல், இறுதியாட்டம்வரை வந்துவிட்டது. இன்னொன்றும் நடந்தது. பெருநகரத்து அணியொன்று மகளைத் தேர்ந்தெடுத்துவிட்டது. இறுதியாட்டம் முடிந்ததும் அவள் கிளம்ப வேண்டும். பல் மருத்துவமனை வரவேற்பு மேசை வேலையை விட்டுவிட்டாள். பெட்டி கட்டுவதைப் பற்றி வீட்டில் எல்லோரும் பேசினார்கள், யாரும் கட்டவில்லை.

ஒரு சாயங்காலம் மகள் சமையலறைத் தொட்டியில் கையுறைகளைத் துவைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். புது அணியில் சேருகிற ஒவ்வொருவரும் தாங்கள் விளையாடும் படம் ஒன்றைக் கொடுக்க வேண்டுமாம். பெரிதாக்கி, உடை மாற்றும் அறைச் சுவரில் மாட்டுவார்களாம். மற்றப் பெண்கள் படத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறார்கள், தனக்கு அந்தக் கவலையே இல்லை என்று சொல்லிச் சிரித்தாள்.

“பாய்ஞ்சு பிடிக்கிற மாதிரி ஒண்ணு இருந்தா போதும்மா. முகம் தெரியணும். எவ்வளவோ எடுத்திருப்பே.”

“இருக்கும், இருக்கும். ஏன் இருக்காது” என்றார் அக்கா, அடுப்பைப் பார்த்தபடி.

மறுநாள் அலுவலகக் கணினியில் பழைய படங்களைத் திறந்து உட்கார்ந்தார். அணியில் இருந்த எல்லாப் பெண்களும் கிடைத்தார்கள். முன்கள ஆட்டக்காரி தலையால் முட்டுகிறாள். தலைவி கத்துகிறாள். மாற்று ஆட்டக்காரி எலுமிச்சைச் சாறு குடிக்கிறாள். அவர்களில் பலரை அவர் பள்ளி ஓட்டப் பந்தயக் காலத்திலிருந்தே எடுத்திருக்கிறார். தன் மகளும் இருந்தாள். ஒவ்வொரு படத்திலும், தூரத்தில், கலங்கலாக, கோல் கீப்பர் சட்டையின் நிறத்தில், கடுகளவு ஒரு மஞ்சள் புள்ளி. பெரிதாக்கிப் பார்த்தார். மஞ்சள் புள்ளி பெரிய மஞ்சள் புள்ளியானது. சில படங்களில் அந்தப் புள்ளி கையைத் தூக்கியிருந்தது. கோல் விழுந்த மகிழ்ச்சியில், துணைக்கு யாரும் இல்லாமல், தனியாகக் குதித்திருக்கிறாள்.

ஆசிரியர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். “யாரையும் இல்லை” என்று அக்கா கணினியை மூடிவிட்டார். வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னார். ஊரே உன் கேமராவுக்குள் இருக்கிறது, நாங்கள் இரண்டு பேர்தான் வெளியே நிற்கிறோம் என்று அவர் விளையாட்டாகச் சொல்லிவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். மகளிடம் என்ன சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம்.

இறுதியாட்டத்தன்று தூறல். மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்குப் பின்னால் குடைகள் முளைத்திருந்தன. அக்கா ஸ்டூலோடு வந்தார். வழக்கமான பக்கம் திரும்பினார். நின்றார். பிறகு, கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மறுபக்கம் நடந்து போய்த் தன் மகளின் கோலுக்குப் பக்கத்தில், கம்பத்துக்குச் சற்றுத் தள்ளி, கயிற்றோரமாக ஸ்டூலை விரித்தார்.

ஆசிரியர் குடையை விட்டுவிட்டு ஓடி வந்தார். “அக்கா, இது நம்ம கோல்.”

“தெரியும்.”

“நம்ம புள்ளைங்க அந்தப் பக்கம்தானே கோல் போடுவாங்க?”

“இந்தப் பக்கம் ஒரு புள்ளை இருக்குல்ல.”

ஆசிரியர் மகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தை நினைத்துக்கொண்டார். முதல் பாதி மட்டும் என்று ஒப்பந்தம் ஆயிற்று. மகள் கோல் கம்பத்தில் பூட்ஸைத் தட்டிச் சேற்றை உதிர்த்துவிட்டுத் திரும்பியவள், அம்மாவைக் கண்டதும் வழி தெரியாமல் வந்துவிட்ட விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

எதிரணி பலசாலி. பந்து பெரும்பாலும் இந்தப் பக்கமே சுற்றியது. ஒரு படக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? மகள் இடது பக்கம் பாய்ந்தாள், வலது பக்கம் பாய்ந்தாள், கூட்டத்துக்கு நடுவே எம்பிப் பந்தைக் குத்தினாள். ஒருமுறை மூன்று பேர் அவள் மேல் விழுந்து எழுந்தார்கள். அக்காவின் கேமரா ஓயாமல் ஒலித்தது.

அப்போதுதான் மைதானத்தின் அந்தக் கோடியில் பெரிய சத்தம் எழுந்தது. குடைகள் எல்லாம் மேலே போயின. ஊர் அணி, கிடைத்த ஒரே வாய்ப்பில், கோல் போட்டுவிட்டது. அணித் தலைவி கைகளை விரித்தபடி, முகமெல்லாம் வாயாக, எதிரணியின் கோலுக்குப் பின்னால் ஓடினாள். அங்கே படம் எடுக்க யாரும் இல்லை. ஆசிரியர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டது இங்கிருந்தே தெரிந்தது.

பரவாயில்லை, இங்கே இருக்கிறதே என்று அக்கா இடைவேளை விசில் ஊதியதும் கேமராத் திரையைப் பார்த்தார். புல். அடுத்தது புல். கோல் கம்பத்தின் கீழ்ப்பாதி. தன் சொந்தச் செருப்பு. வானம். வலை. மறுபடியும் புல். மகள் பாய்வதற்கு முன்பு நிற்கும் படம் இருந்தது. பாய்ந்து எழுந்து சேற்றைத் துடைக்கும் படம் இருந்தது. நடுவில் நடந்த எதுவும் இல்லை. நீச்சல் குளத்தின் விளிம்பில் நின்றும், ஓடுகிற லாரியின் பின்னால் தொங்கியும் படம் எடுத்த கை அது. மகள் தரையை நோக்கிப் போன ஒவ்வொரு தடவையும் அந்தக் கை கேமராவைக் கீழே இறக்கியிருக்கிறது. கண்ணும் மூடியிருக்க வேண்டும். தான் எடுத்த புல்லைப் பார்த்தபோதுதான், இத்தனை வருடம் தன்னை எதிர்முனையில் உட்கார வைத்தது பாலபாடம் மட்டும் இல்லை என்று அவருக்கு உறைத்தது. அங்கிருந்து பார்த்தால் அவள் வெறும் மஞ்சள் புள்ளி. புள்ளிக்கு எலும்பு முறியாது.

பக்கம் மாற மகள் நடந்தாள்; ஒப்பந்தத்தை மீறி அக்காவும் ஸ்டூலோடு அவளுடன் கிளம்பினார். இந்த முறை இருவரும் ஒரே திசையில் நடக்க வேண்டியிருந்தது. அது இருவருக்கும் பழக்கமில்லாததால் முதலில் கொஞ்ச தூரம் முன்னும் பின்னுமாக நடந்தார்கள். பிறகு மகள் வேகத்தைக் குறைத்தாள்.

“காட்டு.”

“ஒண்ணும் இல்லடி.”

“காட்டும்மா.” கேமராவைத் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளினாள். “புல்லு நல்லா வந்திருக்கு” என்றாள்.

அக்கா கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் தானாகவே சொன்னார். பழைய படம் எதுவும் இல்லை. தேடிப் பார்த்தாயிற்று. ஒன்றுகூட இல்லை. இன்றைக்காவது எடுத்துவிடலாம் என்றுதான் இந்தப் பக்கம் வந்தது. “நீ விழுறப்பல்லாம் கை தானா கீழ போயிடுது. நான் என்ன செய்ய?”

மகள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவளுக்கு அதற்கான உரிமையும் இருந்தது. பள்ளி அணியில் சேர்ந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவள் அவள். ஆனால் அவள் கையுறையின் பட்டையை இறுக்கிக்கொண்டே, தொழில்காரி இன்னொரு தொழில்காரியிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

“நீ என் மூஞ்சியைப் பாக்குறே. அதான் தப்பு. எனக்கு முதல்ல சொல்லிக் கொடுத்தது என்ன தெரியுமா? முன்னாடி வர்ற ஆளைப் பாக்காதே, பந்தைப் பாரு. ஆளைப் பாத்தா பயம் வரும். பந்தைப் பாத்தா வராது.”

“பந்தை மட்டுமா?”

“பந்தை மட்டும். நான் அதுக்குப் பின்னாடி வருவேன்.”

ஆசிரியர் நடுக்கோட்டில் காத்திருந்தார். ஒப்பந்தத்தை நினைவுபடுத்தினார். வெற்றி பெற்றால் கோல் படம் இல்லாமல் எப்படிப் பத்திரிகை கொண்டு வருவது, ஊர் தன்னை உரித்துவிடாதா என்று கேட்டார். அக்கா அவர் தோளைத் தட்டி, “உங்க செல்போன்ல கேமரா இருக்கே. அந்தக் கோலுக்குப் பின்னாடி போய்க் கொஞ்சம் குனிஞ்சு உக்காருங்க. நம்ம புள்ளைங்க மூஞ்சி வரும்” என்றார். அவர் குனிய முடியாதவர். அதனால் ஈரப் புல்லில் குப்புறப் படுத்துவிட்டார். அந்தக் காட்சியை எதிரணி ஆதரவாளர் ஒருவர் படம் எடுத்தார். இன்றும் அது ஊரில் கைமாறிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் பாதி முழுக்க அக்கா பந்தைப் பார்த்தார். சொல்வது சுலபம். வாழ்நாள் முழுக்க மனித முகத்தைத் தேடிப் பழகிய கண் அது; கூட்டத்தில் கொட்டாவி விடுகிறவரைக்கூட உடனே பிடித்துவிடும். அதை ஒரு தோல் உருண்டையின் மேல் கட்டிப்போட வேண்டியிருந்தது. முதல் தடவை பந்து வந்தபோது கேமரா மறுபடி தரைக்குப் போயிற்று. இரண்டாவது தடவை பாதி வழியில் நின்றது. மூன்றாவது தடவை பந்து மட்டும் பளிச்சென்று வந்தது, சுற்றிலும் யாரும் இல்லாமல், கடையில் விற்கிற பந்துபோல. வாய்க்குள் “பந்து, பந்து” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குடை பிடித்து நின்ற பெண்மணி, அக்கா ஆட்டத்தில் ஒன்றிப்போய்விட்டார் என்று நினைத்துத் தானும் சேர்ந்துகொண்டார்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். ஊர் அணி ஒரு கோல் முன்னால். எல்லோரும் கால் ஓய்ந்து நிற்க, எதிரணியின் உயரமான ஆட்டக்காரி ஒருத்தி தடுப்பை உடைத்துக்கொண்டு தனியாக ஓடி வந்தாள். அவளுக்கும் கோலுக்கும் நடுவே இருந்தது மகள் மட்டும்தான். கோல் கீப்பர்களுக்கு இந்த நிலையில் ஒரே வழிதான் உண்டு: முன்னால் ஓடிப்போய், உதைக்க வருகிற காலின் கீழே தலையைக் கொடுத்து விழ வேண்டும். இதைத்தான் அக்கா ஒருநாளும் பார்த்ததில்லை.

பந்து வந்தது. ஈரத்தில் சறுக்கி, சற்றே எம்பி, மறுபடி தரை தொட்டு வந்தது. அக்கா அதை விடவில்லை. சட்டகத்துக்குள் ஒரு பூட்ஸ் நுழைந்தது. பந்து. எதிர்ப்பக்கமிருந்து இரண்டு கையுறைகள் நுழைந்தன. பந்து. கையுறைகளுக்குப் பின்னால் சேறும் பல்லும் விரிந்த கண்களுமாக ஒரு முகம் வந்தது. அது யாருடையது என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. விரல் அழுத்தியது, எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தது.

பிறகு சத்தம். இரண்டு பெண்களும் உருண்டார்கள். மகள் குப்புறக் கிடந்தாள், அசையாமல். நடுவர் ஓடி வந்தார். அவள் மெல்லப் புரண்டாள். வயிற்றுக்கடியில் பந்து இருந்தது.

விசில் ஊதியபோது குடைகளெல்லாம் மைதானத்துக்குள் ஓடின. அணித் தலைவியை யாரோ தூக்கினார்கள். மறுகோடியில் ஆசிரியர் எழுந்து, உடம்பு முழுக்கப் புல்லோடு, தன் செல்போனைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஸ்டூலிலிருந்து எழவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் பிறகு குனிந்து திரையைப் பார்த்துவிடுகிறவர், இப்போது திரைப் பக்கம்கூடப் பார்க்காமல், கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மகள் கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு கயிற்றருகே வந்தாள். முழங்கை தோல் உரிந்திருந்தது. மூச்சு வாங்கியது.

“வந்துச்சா?”

“தெரியலடி. பாக்கல. நீயே பாரு.”

கழுத்துப் பட்டையைக் கழற்றி, கேமராவைக் கயிற்றுக்கு மேலே நீட்டினார். மகள் ஒரு கையுறையைப் பல்லால் கடித்து உருவினாள். விரல்களைத் துடைக்கத் தன் உடையில் சுத்தமான இடம் ஏதும் இல்லை. அம்மாவின் மேல்சட்டையில் துடைத்துக்கொண்டாள். கையுறை வாயிலேயே தொங்க, கேமராவை வாங்கித் திரையைக் கண்ணருகே கொண்டுபோனாள். அக்கா திரைப்பக்கம் திரும்பவில்லை. கண்ணை அகல விரித்து, கையெட்டும் தூரத்தில், சேறு வழிகிற அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளுடைய கட்டைவிரல் கேமராவின் ஓரத்தில் இருந்த பொத்தானைத் தேடிப்பிடித்து, படத்தில் இருந்த தன் முகத்தை ஒரு சுற்றுப் பெரிதாக்கியது. கொஞ்ச நேரம் பார்த்தாள். இன்னும் ஒரு சுற்றுப் பெரிதாக்கினாள்.